பிரைட்டன் அரண்மனையும் இந்தியப் படைவீரர் மருத்துவமனையும்

முன்னுரை

ஒரு மாளிகையை அறிய விரும்புவார்க்கு வழிகள் இரண்டு உள. அதனைக் கட்டியவர் யாவர், கட்டிய முறை யாது என ஆராய்தல் ஒன்று. அதனுள் வாழ்ந்தவர் யாவர், நோயுற்றுக் கிடந்தவர் யாவர் என ஆராய்தல் மற்றொன்று. முன்னையது கட்டடக்கலையின்பாற்படும், பின்னையது வரலாற்றின்பாற்படும். இவ்விரண்டும் ஒன்றையொன்று விளக்கி நிற்கும் கட்டடங்கள் உலகிற் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்றுதான் இங்கிலாந்தின் தென்கடற்கரையில் பிரைட்டன் நகரத்திலுள்ள ராயல் பெவிலியன் என்னும் அரண்மனை.

இந்தியாவைக் கண்ணாற் கண்டிராத ஓர் அரசிளங்குமரனுக்காக, இந்தியாவைக் கண்ணாற் கண்டிராத ஒரு கட்டடச் சிற்பி இந்திய உருவில் எழுப்பிய மாளிகை அது. எழுந்து நூறாண்டு நிரம்புமுன்னரே, மெய்யான இந்தியர் நூற்றுக்கணக்கானோர் புண்பட்ட உடம்பினராய் அதனுள் கொண்டுவரப்பட்டுப் படுக்கைகளிற் கிடத்தப்பட்டனர். இது 1914-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நிகழ்ந்தது. விளையாட்டாகக் கட்டிய ஒரு கட்டடம் துன்பத்திற்கு உறைவிடமாயிற்று என்றால், அதன் வரலாறு நாம் கற்றற்குரியதேயாம். நாம் அம்மாளிகையை நேரிற் கண்டதில்லை. நூல்களாலும் படங்களாலும் அறிந்தவற்றையே ஈண்டு முறைப்படுத்தி எழுதலுற்றோம்.

மாளிகை தோன்றிய வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரைட்டன் ஒரு சிறு மீன்பிடி ஊராகவே இருந்தது. அண்மையிலுள்ள லூயிஸ் என்னும் ஊரில் வாழ்ந்த ரிச்சர்டு ரஸ்ஸல் என்னும் மருத்துவர், கடல்நீரில் முழுகுதலும் கடல்நீரைப் பருகுதலும் கழலை நோய்க்கு மருந்தாகும் என்று 1750-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அதன்பின் நோயுற்றவரும், நோயில்லாத செல்வரும் அவ்வூரை நாடி வரலாயினர். ஊர் வளர்ந்தது. ஆகவே பிரைட்டன் நகரம் மருத்துவத்தினாலேயே வாழ்வு பெற்ற ஊர் என்பதை நாம் முதற்கண் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மூத்த மகனாகிய ஜார்ஜ் இளவரசர் 1783-இல் முதன்முறையாக அவ்வூருக்கு வந்தார். கழுத்திலிருந்த கழலை வீக்கத்திற்குக் கடல்நீர் நன்று என மருத்துவர் கூறியதும் அவர் அவ்வூரை நாடியதற்கு ஒரு காரணம் என்பர். தந்தையின் கண்டிப்பினின்று விலகி நண்பரோடு களித்திருத்தற்கு அவ்வூர் வாய்ப்பாக இருந்தமை மற்றொரு காரணம். அவர் 1786-இல் ஒரு சிறு பண்ணை வீட்டை வாடகைக்கு அமர்த்திக்கொண்டார். அடுத்த ஆண்டில் ஹென்றி ஹாலந்து என்னும் சிற்பி அவ்வீட்டை ஒரு சிறகாக வைத்து, மறுபுறத்தே அதற்கு ஒத்த மற்றொரு சிறகும், நடுவே தூண் வரிசை சூழ்ந்த வட்டக்கூடமும் அமைத்துக் கொடுத்தார். கிரேக்க உரோமானிய முறையைத் தழுவிய அக்கட்டடம் எளிமையும் அடக்கமும் உடையது. அதற்குக் கடற்கரைப் பெவிலியன் என்பது பெயர்.

பின்னர் இளவரசர் குதிரைகளுக்காக ஒரு லாயம் கட்டுவித்தார். வில்லியம் போர்டன் என்னும் சிற்பி 1803 முதல் 1808 வரை அதனைக் கட்டினார். எண்பது அடி விட்டமுள்ள பெருங் குவிமாடம் ஒன்று அதற்குக் கூரையாயிற்று. அதன் புறத்தோற்றம் இந்திய முகலாயக் கட்டடங்களை ஒத்திருந்தது. ஆகவே, பிரைட்டனில் இந்திய வடிவு முதன்முதற் புகுந்தது மன்னர் உறையும் மாடத்திற்கன்று, குதிரைகள் நிற்கும் லாயத்திற்கே என்க. லாயம் மாளிகையினும் சிறந்து தோன்றவே, மாளிகையையும் அதற்கேற்ப மாற்றும் எண்ணம் எழுந்தது. ஜார்ஜ் 1811-இல் தந்தைக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பேற்றார். ஜான் நாஷ் என்னும் புகழ்பெற்ற சிற்பியை 1815-இல் அப்பணிக்கு அமர்த்தினார். அடுத்த ஏழெட்டாண்டுகளில் இப்பொழுதுள்ள மாளிகை உருப்பெற்றது. பணி நடந்துகொண்டிருக்கும்பொழுதே, 1820-இல், அவர் நான்காம் ஜார்ஜ் என்னும் பெயரோடு அரியணை ஏறினார்.

கட்டடக்கலை

நாஷ் இந்தியாவிற்கு வந்தவரல்லர். எனின், இந்திய வடிவை அவர் எங்ஙனம் அறிந்தார்? ஓவியங்களின் வாயிலாகவே அறிந்தார். தாமஸ் டேனியல் என்பவரும், அவர் உடன்பிறந்தார் மகனாகிய வில்லியம் டேனியல் என்பவரும் 1786 முதல் 1793 வரை இந்தியாவிற் பயணஞ் செய்து, ஆங்காங்குள்ள கோயில்களையும் கோட்டைகளையும் மசூதிகளையும் வரைந்தனர். அவர்கள் 1792-இல் நம் தமிழகத்திலும் சுற்றி, மதுரை, இராமேசுவரம், தஞ்சை, மாமல்லபுரம் முதலிய ஊர்களைக் கண்டு சென்றனர். தாயகம் திரும்பி, 1795 முதல் 1808 வரையில் 144 படங்கள் அடங்கிய பெருந்தொகுதிகளை வெளியிட்டனர். ஆங்கிலச் சிற்பிகளுக்கு அத்தொகுதிகளே கண்ணாயின. பிரைட்டன் மாளிகையின் குவிமாடங்களுக்கும் மினார்களுக்கும் மூலம் அப்படங்களிற் காணப்படுகின்றது.

படத்தைப் பார்த்துக் கட்டியதனால் நிகழ்ந்த வேறுபாடு ஒன்று உண்டு. படம் புறத்தைக் காட்டுமேயன்றி, அகத்தையும் கட்டுமான முறையையும் காட்டாது. ஆதலின் மாளிகையின் வெளித்தோற்றம் மட்டுமே இந்தியாவைத் தழுவியது. நடுவே உள்ளி வடிவில் உப்பிய பெருங் குவிமாடம் ஒன்று, அதன் இருமருங்கும் அவ்வடிவினவாகிய சிறு குவிமாடங்கள், மெலிந்துயர்ந்த மினார்கள், துளையிட்ட கற்சாளரங்கள் — இவையே புறத்தின் உறுப்புக்கள். விருந்து மண்டபத்தின் மேலும் இசை மண்டபத்தின் மேலும் உள்ள கூரைகளோ, கூடாரம் போற் குவிந்து நிற்பன.

குவிமாடங்கள் கல்லாலானவை போலத் தோன்றினும், அவற்றின் உள்ளே தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டமே. ஹாலந்து கட்டிய பழைய கூடத்தை இடிக்காமல், அதனைச் சூழ இரும்புச் சட்டத்தை நிறுத்தி, அதன்மேற் புதிய குவிமாடத்தை ஏற்றி, புறத்தே சுதை பூசினார் நாஷ். அக்காலத்தில் இரும்பு பாலங்களுக்கும் ஆலைகளுக்கும் வழங்கியதேயன்றி, அரண்மனைகளுக்கு மிகுதியாக வழங்கவில்லை. ஆகவே பழமையின் சாயலைக் காட்டும் இம்மாளிகை, கட்டுமான முறையில் அக்காலத்திற்குப் புதுமையாயிற்று. ஆயினும் குறையொன்று நேர்ந்தது. கூரைகளின்மேற் பூசிய மாஸ்டிக் என்னும் புதுவகைச் சாந்து வெடித்தமையால், மழைநீர் உட்புகுந்து ஒழுகலாயிற்று. புகழ் நோக்கிய கட்டடத்திற்கும் ஒழுக்கு நேர்வது இயல்பே போலும்!

இனி உள்ளே புகுவோம். அங்கே இந்தியா இல்லை, சீனமே உண்டு. அதுவும் மெய்யான சீனம் அன்று, ஐரோப்பியர் கருதிய சீனம். படிக்கட்டுகள் வார்ப்பிரும்பாலானவை, ஆயினும் மூங்கில் போலத் தோன்றுமாறு வார்த்துத் தீட்டப்பட்டவை. விருந்து மண்டபத்தின் கூரை நாற்பத்தைந்து அடி உயரமுள்ளது. அதன் உச்சியில் வாழையிலை போன்ற பேரிலைகள் விரிந்திருக்க, அவற்றின் கீழ் வெள்ளிநிறப் பறவைநாகம் ஒன்று தன் நகங்களாற் பற்றியதுபோல் முப்பதடி நீளமுள்ள சரவிளக்குத் தொங்குகின்றது. அதன் எடை ஏறத்தாழ ஒரு டன் என்பர். இசை மண்டபத்தில் தாமரை வடிவினவாகிய ஒன்பது சரவிளக்குகளும், பொன் தீட்டிய சிப்பிகளை அடுக்கினாற் போன்ற கூரையும் உள்ளன. பெரிய சமையற்கூடத்திலும் அழகுணர்ச்சி மறக்கப்படவில்லை. அதன் உயர்ந்த கூரையைத் தாங்கும் நான்கு இரும்புத் தூண்களும் உச்சியிற் செம்பாற் செய்த ஓலைகளோடு பனைமரங்களாகவே நிற்கின்றன.

இம்மாளிகையைப் பற்றி அறிஞர் கருத்து அன்றுமுதலே இருவகைப்பட்டது. அழகென்பாரும் உளர், கேலி செய்வாரும் உளர். நமக்குத் தோன்றுவது ஒன்று. உவமை கூறுவோன் பொருளையும் அறிந்திருத்தல் வேண்டும், உவமையையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது அணிநூல் கற்கும் மாணவர்க்குப் பாலபாடம். பிரைட்டன் மாளிகை, தான் அறியாத நாட்டைத் தனக்கு உவமையாக்கிக்கொண்டது. அந்நாட்டின் மாந்தர் அதனுட் புகும்வரை அவ்வுவமையின் பொருத்தத்தை எவரும் ஆராயவில்லை.

ஊரார் உடைமையாதல்

நான்காம் ஜார்ஜ் மன்னர் 1830-இல் இறந்தார். அடுத்து அரசாண்ட நான்காம் வில்லியம் அம்மாளிகையில் அவ்வப்போது தங்கினார். விக்டோரியா மகாராணிக்கோ அஃது உவப்பளிக்கவில்லை. ஊர் நெருங்கி வளர்ந்துவிட்டமையால் அங்கே தனிமை கிட்டவில்லை. பெருகிவரும் குடும்பத்திற்கு இடமும் போதவில்லை. 1845-க்குப்பின் அவர் அங்குச் சென்று தங்கவில்லை. அரண்மனையை விற்க முடிவாயிற்று. இடித்துவிடக்கூடும் என்ற அச்சம் எழவே, பிரைட்டன் நகரத்தார் 1850-இல் ஐம்பத்து மூவாயிரம் பவுன் கொடுத்து அதனை வாங்கிக்கொண்டனர். அரண்மனைப் பொருள்கள் பல அதற்குமுன்னரே இலண்டனுக்கு எடுத்துச் செல்லப்பட்டிருந்தன. அவற்றுட் சில பின்னர்த் திருப்பித் தரப்பட்டன. குதிரை லாயம் 1867-இல் இசையரங்காக மாறி, 'டோம்' எனப் பெயர் பெற்றது. குதிரையேற்றக் கூடம் தானியச் சந்தையாயிற்று.

1850 முதல் அம்மாளிகை அரசருடையது அன்று. ஊராருடையது என்னும் இச்செய்தியைப் படிப்போர் மறவாதிருத்தல் வேண்டும். இதன் பயன் பின்னர் விளங்கும்.

மருத்துவமனையாதல்

1914 ஆகஸ்டில் ஐரோப்பியப் பெரும்போர் மூண்டது. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் லாகூர்ப் படைப்பிரிவும், அதனைத் தொடர்ந்து மீரட் படைப்பிரிவும் பிரான்சு நாட்டின் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கின. சீக்கியர், பஞ்சாப் முஸ்லிம்கள், பட்டாணியர், டோக்ராக்கள், கட்வாலியர், கூர்க்கர் முதலிய பலர் அவற்றில் இருந்தனர். வெயிற்காலத்திற்குரிய உடையுடன் வந்தவர் பலர். அக்டோபர் இறுதியில் பெல்ஜியம் நாட்டு ஈப்ர நகரின் அருகே அவர்கள் போர்முனையில் நிறுத்தப்பட்டனர். குளிர், சேறு, பீரங்கி ஆகிய மூன்றும் ஒருங்கே அவர்களைத் தாக்கின. புண்பட்டோர் ஆயிரக்கணக்காயினர். அவர்களை இந்தியாவிற்கு அனுப்புதற்குத் தொலைவு தடையாயிற்று. கால்வாய்க்கடலைக் கடந்து இங்கிலாந்தின் தென்கரைக்குக் கொண்டுவருதலே எளிதாயிற்று.

அப்பொழுது போர் அமைச்சராயிருந்த கிச்சனர் பிரபு, இந்தியாவில் நெடுங்காலம் பணிபுரிந்த வால்டர் லாரன்ஸ் என்பாரை இந்திய நோயாளிகளின் நலனைக் கண்காணிக்கும் ஆணையராக நியமித்தார். பிரைட்டன் நகரத்தலைவர் ஜான் ஆட்டர் என்பவர் நகரத்தின் சார்பில் அரண்மனையை அளிக்க இசைந்தார். விரைந்து வேலை நடந்தது. பெவிலியன், டோம், தானியச் சந்தை ஆகிய மூன்று கட்டடங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 720 படுக்கைகள் இடப்பட்டன. டிசம்பரில் நோயாளிகள் வரத் தொடங்கினர்.

நாஷ் கட்டிய மண்டபங்கள் ஒவ்வொன்றும் புதுத்தொழில் பூண்டதை நோக்குவோம். பறவைநாகம் பற்றிய சரவிளக்கின் கீழும், தாமரை விளக்குகளின் கீழும் இரும்புக் கட்டில்கள் வரிசையாய் நின்றன. மன்னர் விருந்திற்குச் சமைத்த பெரிய சமையற்கூடம் இரண சிகிச்சைக் கூடமாயிற்று. இரும்புப் பனைகளின் நடுவே குண்டுகள் உடம்பினின்று எடுக்கப்பட்டன. டோமின் குவிமாடத்தின் கீழ்ப் படுக்கைகள் நிறைந்திருந்த காட்சியை அக்காலத்துப் புகைப்படங்களில் இன்றும் காணலாம். உயர்ந்த கூரை காற்றோட்டத்திற்கு உதவியது. ஆயினும் பரந்த அம்மண்டபங்களைக் குளிர்காலத்தில் வெப்பமாய் வைத்திருத்தல் எளிதன்று என்பதும் உணரற்பாலது.

நோயாளிகளின் சமய ஒழுக்கத்திற்கும் சாதி வழக்கத்திற்கும் ஊறு நேராவண்ணம் செய்த ஏற்பாடுகள் வியப்பிற்குரியன. உணவு வேறுபாடு நோக்கி ஒன்பது சமையற்கூடங்கள் அமைக்கப்பட்டன. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள் வைக்கப்பட்டன. அவ்வவர் முறைப்படி ஆடறுத்தற்கு வெவ்வேறு இடங்கள் ஒதுக்கப்பட்டன. அறிவிப்புப் பலகைகள் உருது, இந்தி, குர்முகி ஆகிய எழுத்துக்களில் தீட்டப்பட்டன. மாளிகைத் தோட்டத்தில் சீக்கியருக்கு ஒரு கூடாரம் குருத்துவாராவாக நின்றது. முஸ்லிம்கள் மெக்காவை நோக்கித் தொழுவதற்குப் புல்வெளியில் இடம் விடப்பட்டது. குவிமாடமும் மினாரும் உடைய மாளிகை ஒன்றின் முன்னே தொழுகை நிகழ்ந்த நாளில், பொய்யாகக் கட்டிய வடிவு மெய்ப்பொருள் பெற்றது என்று கூறுதல் மிகையாகாது.

அரசர் வருகை

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி இராணியாரும் 1915 ஜனவரியில் மருத்துவமனைக்கு வந்து நோயாளிகளைக் கண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் மன்னர் மீண்டும் வந்து, மாளிகைப் புல்வெளியில் வீரர் சிலர்க்குப் பதக்கங்கள் வழங்கினார். அவர்களுள் ஜமேதார் மீர் தஸ்து என்னும் பட்டாணியர் விக்டோரியா சிலுவை என்னும் தலைமைப் பதக்கத்தைப் பெற்றார். 1915 ஏப்ரல் 26-ஆம் நாள் ஈப்ர அருகே பகைவர் நச்சுப்புகையை விடுத்தபொழுது, எஞ்சிய வீரரைத் திரட்டி நிறுத்தியும், புண்பட்ட அதிகாரிகளைச் சுமந்து காத்தும் அவர் அப்பேறு பெற்றார். பதக்கம் சிறந்ததே, ஆயின் நச்சுப்புகையின் வேதனை தம்மை விடவில்லை என்ற கருத்துப்பட அவர் தம் ஊருக்கு எழுதியதாகத் தெரிகின்றது.

நெடுநல்வாடையைப் பாடங்கேட்ட மாணவர்க்கு இவ்விடத்தில் ஓர் ஒப்புமை தோன்றாமற் போகாது. அங்கே நக்கீரர் முதலில் அரண்மனையின் கட்டட அமைதியைக் கூறுகின்றார். இறுதியில் பாசறைக்கண் வேந்தன் நள்ளிரவிலும் உறங்காது, வாடைக்காற்றிற் சிலரோடு சென்று, புண்பட்ட வீரரைக் காணுமாற்றைக் கூறுகின்றார். அரண்மனை ஓரிடம், புண்பட்டோர் கிடக்கும் பாசறை வேறிடம். பிரைட்டனிலோ அரண்மனையே புண்பட்டோர் இடமாயிற்று. ஆயின் நெடுநல்வாடை வேந்தன் இருளிற் செல்கின்றான். பிரைட்டன் மன்னர் வருகை பகலொளியிற் புகைப்படங்களிற் பதிந்தது. இவ்வேறுபாடு சிறிதன்று. அதன் காரணத்தை அடுத்து ஆராய்வோம்.

உபசாரமும் வேலியும்

இந்திய வீரரை அரண்மனையிற் கிடத்தியதற்கு இரக்கம் ஒரு காரணம் என்பதை மறுத்தல் நன்றியின்மையாகும். பிரைட்டன் மக்கள் பரிவுடன் நடந்துகொண்டனர். மருத்துவர் ஊக்கத்துடன் உழைத்தனர். ஆயின் இரக்கம் ஒன்றே காரணம் என்று எழுதினால் வரலாறு குறைபடும். ஆங்கில ஆட்சிக்கு இந்தியாவின் பற்றுறுதி இன்றியமையாததாயிருந்த காலம் அது. மன்னர் தம் அரண்மனையையே சிப்பாய்களுக்கு விட்டுக்கொடுத்தார் என்னும் செய்தி பஞ்சாபின் சிற்றூர்களிற் பரவுதல் ஆட்சியாளர்க்குப் பயனுடையதாயிற்று. மாளிகையின் வரலாற்றைக் கூறும் சிறு நூலொன்று ஆங்கிலம், உருது, குர்முகி ஆகியவற்றில் அச்சிடப்பட்டு வீரர்க்கு வழங்கப்பட்டது. அஞ்சலட்டைகளும் புகைப்படங்களும் பரப்பப்பட்டன. மன்னர் தமக்காகவே தம் இருக்கையைக் காலிசெய்தார் என்று சிப்பாய் பலர் நம்பினர். அம்மாளிகையோ அறுபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே ஊராருக்கு விற்கப்பட்டது. கொடையாளர் நகரத்தார், புகழ் மன்னருக்கு.

வேலியும் உண்டு. முதலிற் சிலகாலம் வீரர் ஊருக்குள் உலவ வாய்ப்பிருந்தது. பின்னர்க் கட்டுப்பாடுகள் இறுகின. தோட்டத்தைச் சுற்றி வேலி எழுந்தது. இசைவின்றி வெளியே செல்லலாகாது என்றாயிற்று. இந்தியரும் ஆங்கிலப் பெண்களும் பழகுதல் ஆட்சியாளருக்கு அச்சந் தந்தமையே இதன் காரணம். ஆங்கிலத் தாதியர் முதலில் மேற்பார்வைப் பணியிற் சேர்க்கப்பட்டனர். 1915-ஆம் ஆண்டின் இடையில் அவர்களும் விலக்கப்பட்டனர். அந்நகரத்திலேயே ஏழைவிடுதியொன்றை மாற்றியமைத்த கிச்சனர் மருத்துவமனையிற் கட்டுப்பாடு இன்னும் கடுமையாயிருந்தது. சாதி வழக்கம் கெடாமற் காக்க ஒன்பது சமையற்கூடம் அமைத்தவர்களே, உலவும் உரிமையைக் காக்க ஒரு கதவையும் திறந்துவைக்கவில்லை.

வீரர் எழுதிய கடிதங்கள் தணிக்கைக்குட்பட்டன. தணிக்கையாளர் மொழிபெயர்த்து வைத்த பகுதிகள் இன்றும் உள்ளன. அவற்றாலேயே அவர்கள் உள்ளத்தை நாம் அறிகின்றோம். மருத்துவமனையின் தூய்மையையும் உணவையும் புகழ்ந்து, மண்ணுலகத் துறக்கம் இதுவே என மகிழ்ந்தவர் உளர். தணிக்கையை உணர்ந்து, கரும்பொருள் பெற எழுதியவரும் உளர். இந்திய வீரரைக் கருமிளகு என்றும், ஆங்கில வீரரைச் செம்மிளகு என்றும் குறித்து, கருமிளகே மிகுதியாகச் செலவாகின்றது என்று எழுதினர். மீண்டும் மீண்டும் காணப்படும் முறையீடு ஒன்று: புண் ஆறியதும் தம்மை மறுபடியும் பதுங்குகுழிக்கே அனுப்புகின்றனர் என்பது. மருத்துவமனை நோயை நீக்கி வீட்டிற்கு அனுப்பும் இடம் என்பது நாம் அறிந்தது. இம்மருத்துவமனையோ நோயை நீக்கிப் பலரைப் போருக்கு அனுப்பும் இடமாயிருந்தது. பொன் தீட்டிய கூரையை நோக்கிக் கிடந்தவர்களுக்குத் தம் புண் விரைந்து ஆறுவது மகிழ்ச்சியோ அச்சமோ, அவர்களே அறிவர்.

நீத்தார்

பிரைட்டன் நகரத்து மருத்துவமனைகளில் ஏறக்குறைய பன்னீராயிரம் இந்திய வீரர் சிகிச்சை பெற்றனர். பெரும்பாலோர் பிழைத்தனர். இறந்தோருள் முஸ்லிம்கள் வோக்கிங் நகரத்து ஷாஜஹான் மசூதியின் அருகே அடக்கஞ் செய்யப்பட்டனர். இந்துக்களும் சீக்கியரும் ஆகிய ஐம்பத்து மூவர், நகர்க்கு வடக்கே பேச்சம் என்னும் சிற்றூரை அடுத்த குன்றின்மேல் எரியூட்டப்பட்டனர். சாம்பல் கடலிற் கரைக்கப்பட்டது.

அவ்விடத்தில் 'சத்ரி' என்னும் நினைவுமண்டபம் எழுந்தது. அதனை வரைந்தவர் பம்பாயைச் சேர்ந்த ஈ. சி. ஹென்ரிக்ஸ் என்னும் இளஞ்சிற்பி. எட்டுத் தூண்களின்மேல் ஒரு வெண்சலவைக்கல் குவிமாடம். அதன்முன் எரியூட்டிய இடங்களை மூடிய கருங்கற் பலகைகள். வேறு அணி இல்லை. 1921 பிப்ரவரி முதல் நாள் வேல்ஸ் இளவரசர் அதனைத் திறந்துவைத்தார். அவ்வாண்டு அக்டோபரில், மாளிகையின் தென்வாயிலில் இந்தியர் நன்கொடையாக அமைந்த இந்திய வாயிலைப் பாட்டியாலா மகாராஜா திறந்துவைத்தார்.

மாளிகையையும் சத்ரியையும் ஒருங்கு வைத்துப் பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். முன்னதும் குவிமாடம், பின்னதும் குவிமாடம். முன்னது இந்தியாவைக் காணாதார் கட்டியது. பல குவிமாடமும் பல மினாரும் உடையது. பின்னது இந்தியர் ஒருவர் வரைந்தது. ஒரே குவிமாடம் உடையது. முன்னதன் குவிமாடம் களிப்புக்குக் குடை. பின்னதன் குவிமாடம் இறந்தோர்க்குக் குடை. சத்ரி என்னும் சொல்லுக்கும் குடை என்பதே பொருள்.

பிற்கால நிலை

இந்தியக் காலாட்படைகள் 1915 இறுதியிற் பிரான்சினின்று மெசொப்பொத்தேமியாவிற்கு மாற்றப்பட்டன. ஆதலின் இந்தியர் மருத்துவமனை 1916-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அவ்வாண்டு முதல் 1920 வரை, கை கால் இழந்த ஆங்கில வீரர்க்கு அம்மாளிகை மருத்துவமனையாயிற்று. அவர்கள் பிழைப்பதற்குரிய கைத்தொழில்களும் அங்கே கற்பிக்கப்பட்டன. நகரத்தாரிடம் மீண்டபொழுது மாளிகை பழுதுற்றிருந்தது. அரசாங்கம் அளித்த ஈட்டுத் தொகையைக் கொண்டே பழைய அழகை மீட்கும் பணி தொடங்கியது. எனவே இன்று காண்போர் வியக்கும் அழகுக்கு மருத்துவமனைக் காலமும் ஒருவகையிற் காரணமாயிற்று. 1975-இல் தீயினால் இசை மண்டபம் சேதமுற்றது. 1987-இல் பெரும்புயலிற் கல்லுருண்டையொன்று கூரையைப் பிளந்து வீழ்ந்தது. இருமுறையும் அம்மண்டபம் செப்பஞ் செய்யப்பட்டது. இந்தியர் மருத்துவமனையாயிருந்த வரலாற்றைக் கூறும் காட்சிக்கூடம் ஒன்றும் இப்பொழுது மாளிகையினுள் உள்ளது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால் நாம் அறிவது யாது? கட்டடம் தானாகப் பேசாது. அதனுட் கிடந்தவர் பேசினாலன்றி அதன் பொருள் நிரம்பாது. சரவிளக்கின் எடையை நாம் அறிவோம். குவிமாடத்தின் விட்டத்தை அறிவோம். விற்ற விலையையும் அறிவோம். அச்சரவிளக்கின் கீழ்க் கிடந்த பல்லாயிரவருள் நாம் பெயரறிந்தவர் மிகச்சிலரே. ஐம்பத்து மூவர் எரியூட்டப்பட்ட குன்றின்மேல் சத்ரி எழுந்தது 1921-இல். அவ்வைம்பத்து மூவர் பெயரையும் பொறித்த கல் அதன் அருகே நிறுவப்பட்டது 2010-இல். இடைப்பட்டவை எண்பத்தொன்பது ஆண்டுகள்.

பிரைட்டனில் நிகழ்ந்த உபசாரத்தை மறத்தலும் தவறு. அதனைச் சூழ்ந்த வேலியை மறத்தலும் தவறு. இரண்டையும் ஒருங்கு நினைத்தலே வரலாறு கற்போர் கடன். நம் நாட்டிலும் மருத்துவமனைகளாகவும் கல்லூரிகளாகவும் மாறிய பழைய மாளிகைகள் பல உள. அவற்றைக் காணச் செல்லும் நம் மாணவத் தோழர்கள் தூணையும் வளைவையும் அளந்து எழுதுவதோடு நில்லாமல், அவற்றின் நிழலிற் கிடந்தவர் யாவர் என்றும் ஒருமுறை வினவுவாராக. அவ்வினாவிற்கு விடையாக ஒரு பெயரேனும் கிடைக்குமாயின், அதனை எழுதி வைத்தல் நம்மாலியன்ற தொண்டாகும்.